நேரலைக்குத் திரும்பும் பொத்தான்

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கல்லக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. புது மென்பொருள் எதுவானாலும் சந்தைக்குப் போகுமுன் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியாட்களைக் கூட்டி வந்து திரைமுன் உட்கார வைப்பாள். "உங்களச் சோதிக்கலைங்க, இந்த மென்பொருளைத்தான் சோதிக்கிறோம். நான் பக்கத்துலயே இருப்பேன். ஆனா உதவ மாட்டேன்," என்பாள். அதோடு வாய்க்குப் பூட்டு. வந்தவர் வேர்த்து விறுவிறுத்து எதையெதையோ அழுத்துவார், பாவமாக அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் கண்கூட சரியான பொத்தான் பக்கம் போகாது. எத்தனையோ தடவை எனக்கு எரிச்சலாக வந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று. ஆனால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. நாளைக்கு அந்த ஆள் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும்போது பக்கத்தில் சொல்லித்தர யார் இருக்கப்போகிறார்கள்?

வீட்டிலும் அதே கதைதான். மகள் தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், இவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் ஓட்டிவிட்டு அலுத்துப்போய் வரும் கணவருக்குப் பொறுக்காது.

"ஏம்மா, அவ என்ன உன் ஆபீசுக்கு வந்த ஆளா? தொறந்து குடுத்தா என்ன?"

"இருங்க, எங்க தடுமாறுறான்னு பாக்குறேன்."

"நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்கு நாக்கு வறண்டுரும்!" என்று அவரே பிடுங்கித் திறந்து கொடுப்பார். இதை மறுநாள் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவசர உதவி மையத்துக்கு நாங்கள் செய்த மென்பொருள்தான் அவளை மாற்றியது.

ஆபத்தில் இருப்பவர்கள் அந்த மையத்துக்குப் போன் செய்வார்கள். பதற்றத்தில் சொல்வது பாதி புரியாது. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடைசியாகச் சொன்னதை ஆபரேட்டர் திரும்பக் கேட்க ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய்ப் பதிவைப் போட்டுக்காட்டிவிட்டு நின்றுவிடும். அப்புறம் நேரலைக்கு, அதாவது போனில் அந்த நொடி பேசுகிற குரலுக்குத் திரும்ப வேறொரு பொத்தானை அழுத்த வேண்டும்; அதுவரை அந்தக் குரல் ஆபரேட்டர் காதில் விழாது. எங்கள் டிசைனர் தம்பி அதைத் திரையின் ஓரத்தில் சின்னச் சாம்பல் நிறப் புள்ளியாக வைத்திருந்தான். கேட்டால், பார்க்க சுத்தமாக இருக்கிறதாம்! அடுத்த வாரமே மையம் முழுக்க நிறுவிவிட வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார்.

சோதனைக்காக மையத்தில் ஒரு மூலை மேஜையைக் கொடுத்தார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் நாடகப் பைத்தியம் ஒருவர் உண்டு. அவர் அலுவலகத்திலிருந்து போன் செய்து ஆபத்தில் இருப்பவர்போல நடிக்க வேண்டும். ஒத்திகையில் மனிதர் ஐயோ அம்மா என்று அலறித் தீர்த்தார். "கத்தாதீங்க சார்," என்றாள் கல்லக்கா. "நெஜமா பயந்தவனுக்குக் குரல் உள்ள போயிரும். மெதுவா பேசுங்க." சோதனைக்கு உட்கார்ந்த மையத்து ஆபரேட்டர் பெண்ணிடம், வருகிற ஒவ்வொரு அழைப்பையும் நிஜம் என்றே நினைத்து நடக்கச் சொல்லியிருந்தோம்.

அந்த மேஜைக்கு நிஜ அழைப்பு வராமல் மையத்து மேற்பார்வையாளர் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டார். அன்று காலை எங்கோ பெரிய விபத்து, மற்ற மேஜைகள் எல்லாம் திணறிக்கொண்டிருந்தன. காலியாக இருந்தது எங்கள் மேஜை ஒன்றுதான். முதல் அழைப்பே நிஜ அழைப்பு. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆண் குரல், அடங்கின குரல். மனைவி ஏதோ மாத்திரை போட்டாளாம், தொண்டை வீங்கி மூச்சு விட முடியவில்லையாம். சோதனையைப் படம்பிடிக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்ற நான், பரவாயில்லையே, நன்றாகப் பழகியிருக்கிறாரே என்று நினைத்தேன். கல்லக்காவும் லேசாகத் தலையாட்டினாள். அவர் முகவரி சொன்னபோது பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது, தெருப்பெயர் காதில் விழவில்லை. ஆபரேட்டர் பொத்தானை அழுத்தித் திரும்பக் கேட்டாள். மறுபடியும் அதே ஹாரன். ஓடி முடிந்து நின்றது.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"ஹலோ? சார், எந்தத் தெரு? சார்?"

பதில் இல்லை. திரும்பக் கேட்கும் பொத்தானை அவள் மறுபடி அழுத்தினாள். அதே பேச்சு, அதே ஹாரன், அதே மௌனம். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கெஞ்சினாள். கல்லக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கல்லக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சாம்பல் புள்ளி ஓரத்தில் சும்மா கிடந்தது. எனக்கே கை பரபரத்தது. டிசைனர் தம்பியை மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது கல்லக்காவின் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். கணக்குப் பிரிவுக்காரர் அனுப்பியிருந்தார்: 'லைன் பிஸியாவே இருக்கு. இன்னும் ஒரு தடவை போட்டுப் பாக்கவா?'

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓரத்துல அந்தப் புள்ளி! அத அழுத்துங்க!" என்று கத்தினாள். ஆபரேட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. உதவ மாட்டேன் என்றவள் கத்துகிறாளே, இதுவும் சோதனையோ என்று குழம்பி, "பேசாதீங்க மேடம், எனக்குக் கேக்கல," என்று கையை உதறினாள். கல்லக்கா அவளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து தானே அழுத்தினாள்.

"...இருக்கீங்களா? மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது குரல். இப்போது அந்தக் குரல் உடைந்திருந்தது. முகவரியைச் சொன்னார். ஆம்புலன்ஸ் கிளம்பியது. கல்லக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா பிழைத்துவிட்டார் என்று மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் சொன்னபோது எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்றார். "அந்தப் பொத்தானக் கொஞ்சம் பெருசாக்கிட்டு அடுத்த வாரம் போட்டுரலாம்."

"பழகிட்டா ஆபரேட்டருங்களுக்குக் கை தானா அங்க போயிரும் சார்," என்றான் டிசைனர் தம்பி.

கல்லக்கா என் பக்கம் திரும்பினாள். "நமக்குக் கேக்காத நேரத்துலயும் லைன் பதிவாகியிருக்குமில்ல? அதப் போடு. நடுவுல எங்கயும் தாண்டாத."

போட்டேன். ஆபரேட்டர், "எந்தத் தெரு?" என்று கேட்கிறாள். உடனே அவர் பதில் சொல்கிறார், தெருவும் வீட்டு எண்ணும் தெளிவாக. அவள், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்கிறாள். அவர் மறுபடி சொல்கிறார். மறுபடியும் சொல்கிறார். பிறகு போனைத் தள்ளிப் பிடித்து மனைவியிடம் பேசுகிறார்.

"பயப்படாதம்மா. கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ, நான் சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

"யாரும் கேக்கலைங்க," என்றாள் கல்லக்கா, அந்த மனிதர் எதிரிலேயே நிற்பதுபோல. பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதாள். அடுத்த வாரம் என்ற பேச்சை மேனேஜர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.