அல்ஹம்துலில்லாஹ்வுக்கு எத்தனை மதிப்பெண்

மன்சூரா நகரத்தில் இன்சாஃபுக்குத் திறக்காத கதவு கிடையாது. பன்னிரண்டு வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கொடுத்த தேநீரை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒரே நாளில் பதினாறு கிளாஸ் குடித்ததாகப் பெருமையடித்துக்கொள்வாள். அவள் வயிறுதான் பாவம்.

பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஒரு புதிய சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு நோயாளிகளைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு இன்சாஃபை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் ஒன்பது கேள்வி. கடந்த பதினான்கு நாளில் மனம் சோர்ந்திருந்ததா, தூக்கம் கெட்டதா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், அநேகமாகத் தினமும் என்றால் மூன்று. கூட்டுத்தொகை பத்தைத் தொட்டால் சிகிச்சை உண்டு. தொடாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்ட வேண்டியதுதான்.

ஒரே வாரத்தில் அறுபது வீட்டை முடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஆய்வை நடத்திய டாக்டர் ருஷ்தி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை பூஜ்யம் பூஜ்யமாக இருந்தது.

"மேடம் இன்சாஃப், உங்க பேட்டையில எல்லாரும் சொர்க்கத்துலயா குடியிருக்காங்க?"

தன் ஆட்களுக்கு நெஞ்சுரம் அதிகம் என்று இன்சாஃப் மிடுக்காகச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த மிடுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அறுபத்தோராவது வீடு உம் ஹானியுடையது. ஹானியின் அம்மா என்று மூத்த மகன் பேரால்தான் தெருவே அவளை அழைக்கும். மொட்டைமாடியில் மரக்கூண்டு கட்டி நாற்பது புறா வளர்ப்பவள். அவள் சீட்டியடித்தால் நாற்பதும் ஒன்றாகத் திரும்பும். இன்சாஃப் ஒன்பது கேள்வியையும் கேட்டாள். ஒன்பதுக்கும் உம் ஹானி "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று பொருள்; நலம் கேட்டால் அந்த ஊரில் எல்லாரும் சொல்வது. இன்சாஃப் ஒன்பது பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

தேநீர் வரத் தாமதமானது நல்லதாகப் போயிற்று. கிளாஸைக் கையில் வாங்கியபோதுதான் மேலே ஒரு சத்தமும் இல்லை என்பது இன்சாஃபுக்கு உறைத்தது. புறாக்கள் எங்கே என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாக உம் ஹானி சொன்னாள்.

"மாடிக்குப் போயி நாப்பது நாளாச்சு. காலு நல்லாத்தான் இருக்கு. மேல போயி என்னத்தக் காணப்போறோம்னு இருக்கு. தூக்கமும் இல்ல, சோறும் எறங்கல. எல்லாத்துக்கும் அல்ஹம்துலில்லாஹ்."

இன்சாஃப் கிளாஸைக் கீழே வைத்தாள். நாற்பது நாளாகச் சாப்பாடு இறங்காதவளுக்கு ஒன்பது பூஜ்யம் போட்ட கை தன்னுடையது. மற்ற அறுபது வீட்டிலும் என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள். அவமானமாக இருந்தது.

சிகிச்சைக்கான பட்டியல் வியாழக்கிழமை மூடப்படும். இன்சாஃப் உம் ஹானி வீட்டிலிருந்து நேராக டாக்டர் ருஷ்தியிடம் போனாள். உம் ஹானியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் தாளைப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார்.

"நீங்க பரிதாபப்பட்டு மார்க் போட்டா அது ஆராய்ச்சி இல்ல மேடம், சிபாரிசு."

அவர் சொன்னது நியாயம்தான். இன்சாஃபும் அதை மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"மார்க்க மாத்தச் சொல்லல டாக்டர். நான் எழுதினதுதான் தப்பு. அல்ஹம்துலில்லாஹ்ங்கறது நம்ம கேள்விக்குப் பதில் இல்ல. அது அல்லாஹ்வுக்குச் சொன்னது. நமக்கு இன்னும் பதிலே வரல."

டாக்டர் ருஷ்தி அந்த ஊர்க்காரர்தான். காலையில் தன் மனைவி நலம் கேட்டபோது அவரும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒரு தாளை எடுத்துப் புது விதி எழுதினார். அந்தச் சொல் வந்தால் கேட்பவளும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்குப் பிறகு, பதினான்கு நாளில் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். எண்ணுக்கு எண்தான் பதிலாக வரும்.

ஏற்கெனவே போய்வந்ததில் கடைசி இருபது வீட்டில் இதைச் சோதித்துப் பார்ப்பதென்று முடிவானது. இன்சாஃப் போகக்கூடாது. பழைய மதிப்பெண் எதுவும் தெரியாத வேறொரு பெண் போனாள். அந்த மூன்று நாளும் இன்சாஃப் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். அவளுக்குத் தன் பேச்சில் சந்தேகமில்லை. உம் ஹானி வாய் திறப்பாளா என்பதுதான் கவலை.

புதன்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. இருபதில் ஏழு வீடு பத்தைத் தாண்டியிருந்தது. உம் ஹானிக்குப் பதினாறு. பேனாவைக் கீழே வைத்தபோது அவள் முதலில் அழுதாளாம், பிறகுதான் நாளை எண்ணினாளாம். வியாழக்கிழமை பட்டியலில் அவள் பெயர் ஏறியது. விடுபட்ட வீடுகளுக்காகப் பட்டியலை இன்னும் இரண்டு வாரம் திறந்துவைத்தார்கள்.

சிகிச்சை தந்தவள் சுகாதார நிலையத்து நர்ஸ். உபதேசம் கிடையாது. கைவிட்ட வேலை ஒன்றை, மனம் வந்தாலும் வராவிட்டாலும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வேண்டும். முதல் வாரம் உம் ஹானி பாதிப் படி ஏறி இறங்கினாள். மூன்றாவது வாரம் காலிக் கூண்டைக் கழுவினாள். ஐந்தாவது வாரம் பக்கத்து வீட்டிலிருந்து நான்கு புறா திரும்பி வந்தது.

ஆறு வாரம் முடிந்ததும் அதே ஒன்பது கேள்வியோடு இன்சாஃப் போனாள். கீழ்வீட்டில் ஆளில்லை. மேலிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனம் சோர்ந்திருந்ததா என்று கேட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் உம் ஹானி.

இன்சாஃபும் அதைத் திருப்பிச் சொன்னாள். பேனாவைக் கீழே வைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.

"எண்ணாதடி. ரெண்டு நாள், எழுதிக்கோ" என்றாள் உம் ஹானி, கையிலிருந்த தானியத்தை வீசியபடி. "இந்த அல்ஹம்துலில்லாஹ் அல்லாஹ்வுக்கு மட்டும் இல்ல. உனக்கும் சேத்துச் சொன்ன பதில்தான்."