மேல்வரிசைப் பற்கள்

இந்த வீட்டில் குளியலறைக் குழாயைத் திருகி, கையில் ஏந்தி அப்படியே தண்ணீர் குடிக்கிறார்கள். படிக்க ஜெர்மனி வந்து ஐந்து மாதமாகியும் எனக்கு அது பழகவில்லை. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். ஊரிலிருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர் போர்த் தண்ணீரும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். அதிலிருந்த ஃபுளோரைடு எங்கள் பல்லையெல்லாம் பழுப்பாக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதிப்பேருக்கு அப்படித்தான் என்பதால் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. அம்மா மட்டும் வெளியாள் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசுவாள். எங்களிடம் வாய்விட்டுச் சிரிப்பாள்.

இங்கே வந்ததும் நான் கையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தேன். அதுவே வினையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல், வீட்டுக்கார அம்மா ஹெல்காவும் அவர் கணவர் ஊவேவும் என்னை மேசையில் உட்காரவைத்தார்கள். ஊவேவுக்கு நுரையீரல் கோளாறு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் ஹவுஸ்ஓர்ட்னுங் என்கிற வீட்டு விதிகள் தாளில் முதல் வரியே புகைபிடிக்கக் கூடாது என்பதுதான். ஹெல்கா அந்த வரியின்மேல் விரலை வைத்தார். பக்கத்தில், பால்கனிப் பூந்தொட்டியில் கிடைத்த ஒரு சிகரெட் துண்டு. மேல்மாடியிலிருந்து யார் போட்டார்களோ.

"நீ தினமும் பால்கனிக்குப் போகிறாய்."

"அம்மாவிடம் போன் பேசத்தான்."

"நீ கையால் மறைத்தாலும் உன் பற்களைப் பார்த்தோம். எத்தனை வருடமாகப் புகைக்கிறாய்?"

பீடி வாடையே ஆகாத என்னிடம் இந்தக் கேள்வி. படித்த ஜெர்மனில் ஆத்திரத்துக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "தண்ணீர், தண்ணீர்" என்றேன். ஹெல்கா எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மாத முடிவுக்குள் அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள். இந்த நகரத்தில் வேறு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. முகவரி இல்லாவிட்டால் விசாவும் சிக்கலாகும். பயத்தில் வேறெதுவும் தோன்றாமல் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

அம்மாவின் முந்தானை உடனே வாய்க்குப் போனது.

"அம்மா, பல்லக் காட்டும்மா."

"என்னா கண்ணு சொல்ற? அவங்கெல்லாம் பாக்கறாங்களே."

"காட்டும்மா. இல்லாட்டி என்ன வூட்ட வுட்டு அனுப்பிருவாங்க."

அம்மா முந்தானையை இறக்கினாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் இருவரும் திரையில் குனிந்து பார்த்தார்கள். அதைச் செய்யவைத்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எங்கள் ஊரில் குடிக்கும் தண்ணீரால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். ஹெல்கா கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அறை தப்பியது. அதோடு விடாமல், பல் டாக்டரான தன் தங்கையிடம் என்னை அழைத்துப்போனார். நேற்று மேல்வரிசைக்கு வெள்ளைப் பூச்சு முடிந்தது. கீழ்வரிசைக்கு அடுத்த வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வாய்கொள்ளாமல் சிரித்துக் காட்டினேன்.

அம்மா போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நல்லாருக்குது கண்ணு" என்றாள். சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.