தடுமாறினால் சிரிக்க வேண்டும்

லிஃப்ட்காரருக்குத் தன் அத்தான் மேல் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இன்று நேற்று வந்ததல்ல. மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில் பற்றிக்கொண்டது. அவள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் அணையவில்லை.

விஷயம் இதுதான். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு, "இனிமே இது என் ஆயுசுக்கும் நிக்காது" என்று வாட்ச்மேனிடம் மார்தட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறிக் கதவை மூடினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் போய் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், அசையவில்லை. வேறு வழியில்லாமல் தன் கம்பெனிக்கே போன் போட்டார். எடுத்த பெண் வேலைக்குப் புதுசு. "கவலைப்படாதீங்க சார், மெக்கானிக் இப்ப அந்தக் கட்டடத்துலதான் இருக்கார். உடனே அனுப்பி வைக்கிறோம்" என்றாள்.

இதை அவர் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னார். அந்த ஆள் அத்தான். அடுத்த கூட்டத்தில் அத்தான் அதை மேடையில் எடுத்துவிட, நகைச்சுவை மன்றமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் 'நடுமாடி'. பால்காரர் அப்படிக் கூப்பிட்டார், முடிவெட்டுகிறவர் அப்படிக் கூப்பிட்டார். மகளின் தோழி ஒருத்தி வாசலில் நின்று, மனதில் கள்ளமே இல்லாமல், "நடுமாடி அங்கிள் வீடு இதானே?" என்று கேட்டாள். நாமும் அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். லிஃப்ட்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அத்தான் என்பவர் அக்காவின் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பூட்டுகிற வேலை. பகலெல்லாம் குனிந்த தலை நிமிராது. கடைக்கு வருகிற பேப்பரை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரி விடாமல் படிப்பார். "எனக்கு என்ன மாப்ள கஷ்டம்? மந்திரி எழுதிக் குடுக்கறாரு, நான் வாசிக்கறேன். சம்பளம் மட்டும் அவருக்குப் போயிடுது" என்பார். குடும்பத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. "வெளியாளைக் கிண்டல் பண்ணினா கேஸு போடுவான். வீட்டு ஆளுங்கன்னா சாப்பாட்டைப் போட்டுட்டுத் திட்டுவாங்க. எது லாபம், சொல்லு."

மேடைக்கு எழுதியதையெல்லாம் அவர் முதலில் சொல்லிப் பார்ப்பது லிஃப்ட்காரரிடம்தான். காரணம், லிஃப்ட்காரர் சிரிக்க மாட்டார். அத்தானுக்கு ஒரு சிரிப்பைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று வைராக்கியமாக உதட்டை இறுக்கி வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் உம்மணாமூஞ்சி என்றார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அத்தானோ அதையே அளவுகோலாக்கிக்கொண்டார். "சிரிக்கறவன்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பசிக்கறவனுக்குச் சமைச்சா ருசி தெரியாது. நீ வயிறு நிறைஞ்ச ஆளு. உன் மூக்கு துடிச்சாலே எனக்குப் போதும்."

மாதம் ஒரு சனிக்கிழமை மன்றம் கூடும். சோபா, கட்டில் விற்கிற கடைக்கு மேலே இருக்கிற ஹால். கடையில் விற்காமல் மிஞ்சிய நாற்காலிகளைத்தான் மேலே போட்டிருப்பார்கள். ஒன்று உயரம், ஒன்று குள்ளம். லிஃப்ட்காரரும் தவறாமல் போவார். ரசிப்பதற்கல்ல, தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று காவல் காப்பதற்கு. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அத்தான்தான் அதைப் போட்டார். மேடையில் யாராவது பேச்சு மறந்து தடுமாறினால், எல்லாரும் உடனே சிரிக்க வேண்டும். சும்மா இல்லை, கையைத் தட்டிச் சிரிக்க வேண்டும். நிற்கிறவனுக்கு அந்தச் சிரிப்பு ஒரு மூச்சு விட நேரம் கொடுக்கும். அதற்குள் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வான். "அமைதிதான்யா ஆளைக் கொல்லும். சிரிப்பு யாரையும் கொல்லாது" என்று சொல்லித்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார். புதிதாக வந்து கால் நடுங்கிய எத்தனையோ பேர் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் எடுத்துக்கொண்டது சாலைக் குழிகள் விஷயம். துறை மந்திரி ஒருவர் எல்லாக் குழிகளுக்கும் நம்பர் போடப் போவதாக அறிவித்திருந்தார்.

"மூடறதுக்கு இல்லீங்க. விழுந்தவன் எதுல விழுந்தோம்னு மனுவுல சரியா எழுதணும்ல? அதுக்கு."

ஹால் அதிர்ந்தது. அத்தான் நிறுத்தாமல் மந்திரி மாதிரியே பேச ஆரம்பித்தார். அந்த மந்திரிக்கு வாயை ஒரு பக்கமாக இழுத்து, வார்த்தை வார்த்தையாக விட்டுப் பேசுகிற வழக்கம்.

"குழி... என்பது... பள்ளம் அல்ல. அது... சாலை... எடுத்துக்கொண்ட... ஓய்வு."

மன்றச் செயலாளரான தையல்காரர் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தார். அத்தானின் வாய் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. "ஓய்வு... ஓய்... ஓ..." என்றார். கையில் இருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் போனார், கை போகவில்லை. பக்கத்தில் காற்றைத் துழாவியது. பிரமாதம் என்றார்கள். மந்திரியையே உரித்து வைத்திருக்கிறார் என்றார்கள். தடுமாறுகிறாரோ என்று சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு பேரும் சட்டப்படி கையைத் தட்டி, வழக்கத்துக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்கள்.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அத்தனை வருஷம் அடக்கி வைத்தது, பிரேக் பிடிக்காத லிஃப்ட் மாதிரி இறங்கிவிட்டது. அந்தக் கோணல் வாயையும் காற்றில் துழாவிய கையையும் பார்த்து, தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யோவ், இங்க பாருங்கய்யா, நடுமாடி சிரிக்கிறாரு!" என்று கத்தினார். ஹால் முழுக்கத் திரும்பியது. அந்த அதிசயத்தைப் பார்த்து இன்னொரு அலை சிரிப்பு.

அத்தான் விழுந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் பிடித்து, படியில் இறக்கினார்கள். லிஃப்ட்காரர் தலைப்பக்கம் பிடித்திருந்தார். அத்தானின் ஒரு கண் அவரையே பார்த்தது. ஏதோ சொல்ல வந்து எச்சில்தான் வழிந்தது. லிஃப்ட்காரரின் தாடையில் அப்போதும் சிரித்த வலி மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்னப் பெண். படபடவென்று கேட்டாள்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? எப்போ முதல்ல வாய் கோணுச்சு? அதை வெச்சுத்தான் இந்த மருந்தைக் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும். நேரம் தாண்டிடுச்சுன்னா மருந்தே ஆபத்து."

மன்றத்துக்காரர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள்.

"ஓய்வுன்னு சொன்னாரே, அப்பங்க" என்றார் ஒருத்தர்.

"இல்லைங்க, அது நடிப்பு. தாள் விழுந்துச்சு பாருங்க, அதுதான்."

"தாளை வேணும்னேதான்யா போட்டாரு."

"ஆரம்பத்துலயே அவருக்கு ஒரு மாதிரி நாக்கு குழறுச்சே?"

"அது எப்பவும் குழறும்."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி இவர்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சார் பேசறீங்க? இத்தனை பேர் எதிர்ல ஒருத்தருக்குப் பக்கவாதம் வந்திருக்கு. ஒருத்தருக்குமா தெரியாது?"

தையல்காரர் தலையில் கை வைத்தார். "அம்மா, நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம்மா" என்றார்.

அக்கா அதற்குள் வந்துவிட்டாள். கலைந்த தலையும் ஜோடி மாறிய செருப்புமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட்காரர் அவளைப் பார்க்காமல் டாக்டரிடம் பேசினார்.

"நான் சொல்றேங்க. நான் சிரிச்சேன். நான் எப்பவும் சிரிக்கற ஆள் இல்லை. அப்ப அவர் வாய் ஏற்கெனவே கோணி இருந்தது. அதைப் பாத்துத்தான் சிரிச்சேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கீழ கடை ஷட்டரை இழுத்துப் பூட்டற சத்தம் கேட்டது. அவங்க என்னிக்கும் எட்டரைக்குப் பூட்டுவாங்க."

தையல்காரருக்கு அப்போதுதான் தன் போனில் எல்லாம் பதிவாகியிருப்பது ஞாபகம் வந்தது. எடுத்து நீட்டினார். டாக்டர் ஓட விட்டுப் பார்த்தாள். ஷட்டர் சத்தம் கேட்டது. குழிக்கு நம்பர் போடுகிற இடம் வந்ததும் பக்கத்தில் நின்ற நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அக்காவைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். "இங்க" என்றாள் டாக்டர். "இங்கதான் ஆரம்பம். நேரம் இருக்கு. ஸ்கேன்ல ரத்தக்கசிவும் இல்லை. ஊசியை எடுங்க." போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள். அது தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கட்டையான ஒரு சிரிப்பு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, வந்துகொண்டே இருந்தது.

அக்கா அதைக் கேட்டாள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீயுமாடா சிரிச்ச?"

அதற்குப் பிறகு அவள் தம்பியிடம் பேசவில்லை.

அத்தான் பிழைத்தார். வலது பக்கம் மட்டும் துவண்டுபோயிற்று. பேச்சு போய், பத்துப் பன்னிரண்டு வார்த்தை திரும்பி வந்தது. அதுவும் ஒவ்வொன்றாக, நினைத்தபோதெல்லாம் வராது. மன்றத்துக்காரர்கள் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றிப் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். அத்தான் ஏதோ சொல்ல ஆரம்பித்து வார்த்தை கிடைக்காமல் திணறினார். பழக்க தோஷத்தில் தையல்காரரின் கைகள் தட்டுவதற்கு உயர்ந்துவிட்டன. உயர்ந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே கும்பிட்டார். அறையில் அத்தான் ஒருத்தர்தான் அதைப் பார்த்துச் சிரித்தவர். பாதி வாய்ச் சிரிப்பு.

லிஃப்ட்காரர் தினமும் வேலை முடிந்து போனார். காலை மடக்கி நீட்டிவிட்டார், சவரம் செய்துவிட்டார், தூக்கி உட்கார வைத்தார். அக்கா டீயைக் கொண்டுவந்து சத்தம் வருகிற மாதிரி வைப்பாள். "ஆறுது" என்பாள், டீயிடம் சொல்வது போல. "அக்கா" என்று ஆரம்பித்தால் குழாயைத் திறந்துவிடுவாள். தெருவில் இப்போதெல்லாம் யாரும் அவரை நடுமாடி என்று கூப்பிடுவதில்லை. சொந்தப் பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அது அவருக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வேலையில், லிஃப்ட் பெட்டிக்கு மேலே நின்று கம்பிக்கு எண்ணெய் பூசும்போது, கீழே ஏதாவது வீட்டில் யாராவது சிரித்தால் அந்தச் சத்தம் குழாயில் ஏறுகிற மாதிரி மேலே வரும். அவர் கை நின்றுவிடும். எதைப் பார்த்துச் சிரித்தோம்? வித்தையையா, வியாதியையா? எவ்வளவு யோசித்தும் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததுதான் அவரைக் கதிகலங்க வைத்தது.

அத்தானுக்குப் பக்கவாதம் மறுபடி ஒரு தடவை வந்தது. அது அவர் உயிரை விட்டுவைக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், சவரம் செய்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தான் இடது கையால் லிஃப்ட்காரரின் சட்டைப் பையைத் தொட்டார். போன் இருந்த பை.

"போடு" என்றார்.

"எதை அத்தான்?"

அத்தான் தன் கோணல் வாயைத் தொட்டுக் காட்டினார்.

"அதுவா? சும்மா இருங்க. அதை நான் இன்னும் முழுசா பாக்கவே இல்லை. தையக்காரர் அனுப்பினதோட அப்படியே கெடக்கு."

"போடு."

போட்டார். அத்தான் லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். தாள் விழுந்தது, கை துழாவியது. லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் சிரிப்பு அறைக்குள் கேட்டபோது கையில் இருந்த துண்டை முறுக்கினார்.

"மறுபடி" என்றார் அத்தான்.

"அத்தான், உங்க கால்ல விழறேன்."

"மறுபடி."

மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி லிஃப்ட்காரர் திரும்பினார். அழவில்லை.

"கடைசியில... சிக்கிட்ட" என்றார் அத்தான்.

உயிர் போக இருந்த மனுஷன், அதைப் பார்த்து, பிடிபட்ட திருடனைப் பார்க்கிற சந்தோஷத்தோடு கட்டிலில் கிடக்கிறார்.

"எல்லாரும் என்னைத்தான் அத்தான் திரும்பிப் பாத்தாங்க. என்னால யாரும் உங்களைப் பாக்கலை. அதுக்குத்தான் அக்கா..."

அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அத்தான் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். அக்கா ஒரு நாளும் மன்றத்துக்கு வந்ததில்லை. தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ என்கிற கூச்சம்.

"அவளுக்கு... காட்டு."

"அக்காவுக்கா? போனோட சேத்து என்னையும் ஜன்னல் வழியா வீசிடும். முகத்தையே பாக்க மாட்டேங்குது, இதைக் கொண்டுபோயி..."

அத்தான் தலையை ஆட்டினார், பிடிவாதமாக. வார்த்தையைத் தேடினார். நெற்றி நரம்பு புடைத்தது. லிஃப்ட்காரர் துண்டைப் பிடித்தபடி, கையைத் தட்டாமல், வாயைத் திறக்காமல், காத்திருந்தார்.

"முழுசா... காட்டு. அவ சிரிச்சா... தடுக்காத."