சத்தம் போடாத ஹீட்டர்

சுவிஸிலிருந்து திரும்பிய அத்தான், அங்கிருந்த வீட்டைப் போலவே, குளிரே தெரியாத எங்கள் நாவற்குடாவிலும் ஒன்று கட்டி, குளிர்காய அறைக்கு அறை சுடுநீர் ஓடும் இரும்பு ஹீட்டர்களைச் சுவரில் பூட்டியிருந்தார். மார்கழி மழை தொடங்கியதும் பெருமையோடு அவற்றை ஓடவிட்டார். யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் வீடு முழுக்கச் சத்தம். அக்கா தூக்கமில்லாமல் தவித்ததால் காத்தான்குடியிலிருந்து குழாய் வேலை செய்யும் ஒருவரை அழைத்துவந்தேன்.

மெலிந்த மனிதர், நரைத்த தாடி. அவருடைய ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில் அவரை 'நானா' என்றோம். எதையும் தொடுமுன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குழாயில் காதை வைத்துக் கேட்பார்.

"வால்வ மறுபக்கமாப் பூட்டியிரிக்கி தம்பி. தண்ணி எதிர்த்து அடிக்கிது" என்றார்.

எல்லாவற்றையும் கழற்றித் திருப்பிப் பூட்டினார். வீடு அமைதியானது. அக்கா அன்று மத்தியானமே நன்றாகத் தூங்கினாள்.

ஒரு வாரத்தில் அத்தான் அவரை மறுபடி கூப்பிட்டார்.

"நானா, விறாந்தையில இருக்கிறத மட்டும் பழையபடி பூட்டிவிடுங்க. சத்தம் இல்லாட்டி, வாற ஆக்கள் இது என்னெண்டு கேக்கிறாங்களே இல்ல."

அவர் சிரிக்கவில்லை.

"வாற ஆக்களுக்கு இது என்னெண்டு நீங்களே சொல்லுங்க சேர். பிழையாப் பூட்ட எனக்குக் கை வராது."

"அப்ப நான் வேற ஆளப் பிடிக்கிறன்."

"பிடிங்க" என்றவர், சாமான் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், மழைக்காற்றில் நின்று வியர்வையைத் துடைத்தார். சற்று நேரத்தில் அத்தானும் நானும் வியர்வையில் நனைந்த சட்டையோடு அவர் பக்கத்தில் போய் நின்றோம்.

ஹீட்டரை நிறுத்தலாமே என்று அவர் சொல்லவேயில்லை. அது மரியாதையா, குறும்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.