நான் அளக்காத ரத்த அழுத்தம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இதயநோய் யாருக்கெல்லாம் வருகிறது என்று கண்டறியும் கணக்கெடுப்புக்காக ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போனேன்.

ஒரு வீட்டில், பீடி குடிக்கும் கணவரை நிதானமாகச் சோதித்தேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் மனைவி கையை நீட்டினார்.

"எனக்கும் பாருங்க சார். மாடி ஏறினா தாடை வரைக்கும் வலிக்குது."

"பல்வலியா இருக்கும்மா."

மாரடைப்பு ஆண்களின் நோய் என்று நினைத்திருந்தேன். பெண்களின் படிவங்களை உத்தேசமாக நிரப்புவது எங்கள் குழுவில் வழக்கம். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை அவர் கையில் ஒப்புக்குச் சுற்றி அவிழ்த்துவிட்டு, நூற்றிருபதுக்கு எண்பது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குப் போனேன். அந்தம்மா மாரடைப்பில் இறந்திருந்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு அவ சொன்னா சார்," என்றார் கணவர். "சீட்டுல நல்லா கீதுன்னு போட்டுக்கீதே, சும்மா படுன்னு நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவல. நான் பாவி சார்."

மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டினார். என் கையெழுத்து.

"உங்க மேல தப்பில்லைங்க" என்றேன். யார் மேல் என்று சொல்லாமல், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனேன்.