பெயர் சொல்லாத வேண்டுதல்

இனி வலிக்கு ஊசி போடுவது மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் கையில் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் எனக்குக் காதர் பாயின் வாசனை வந்தது.

கணபதி என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த தெருவின் கம்பவுண்டர் அவர். தம்பிக்கு டைபாய்டு வந்தபோது தினமும் வந்து, எங்கள் ஸ்டவ்விலேயே ஊசியைக் கொதிக்க வைத்து, "ஒண்ணும் ஆகாதுங்க அம்மணி" என்பார். தம்பி பிழைத்தான்.

பாய் இறந்த வாரம், வீட்டுச் செபத்தில் புனிதர்களின் பெயர்களோடு அம்மா அவர் பெயரையும் சொன்னாள். அப்பா பதறிவிட்டார்.

"இத்தன புனிதருல எவருங்க நம்மூட்டு ஸ்டவ்வப் பத்தவெச்சாங்க?" என்றாள் அம்மா.

அப்பா பங்குச்சாமியாரிடம் ஓடினார். "மனசுக்குள்ள வேண்டிக்கட்டுமுங்க. செபத்துல சத்தமா வேண்டாம்" என்றாராம் அவர்.

அன்றிலிருந்து அம்மா, புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் மன்றாட்டுமாலையின் முடிவில், ஒரு பெயர் சொல்லும் நேரம் பேசாமல் இருப்பாள். ஒவ்வொரு பெயருக்கும் சொல்வதுபோலவே அந்த மௌனத்துக்கும் நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். அப்பாவும் சொல்வார்.

இப்போது அப்பா இல்லை. தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மாவின் கட்டிலருகே தனியாக நின்று மன்றாட்டுமாலை சொன்னேன். முடிவில் அம்மாவைப் போலவே நிறுத்தினேன். பிறகு வாய்விட்டே சொன்னேன், "காதர் பாய்" என்று.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல யாருமில்லை.