பேர் எழுதிய தாள்

1. ஆக்சா பிளேடு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய புத்தகக் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்தது தொண்ணூற்று இரண்டு ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். முதல் நாள் கடை முதலாளி பாய் என் கையில் கொடுத்தது பாதியாக ஒடித்துக் கல்லில் தீட்டிய, இரும்பு அறுக்கிற ஒரு ஆக்சா பிளேடு. பிடிப்பதற்கு ஒரு முனையில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.

"மேரி, புஸ்தகம் வந்தா மொத வேல அட்டையத் தெறந்து பாரு. பேரு எழுதியிருந்துச்சுனா அந்தத் தாள அடியோட அறுத்துரு."

"ஏன் பாய்?"

"பேரு இருந்தா என்னைக்காச்சும் பேரோட ஆளு வந்து நிப்பான். 'எம் புஸ்தகத்த எவன் வித்தது'ம்பான். நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாடப் புத்தகத்தில் வேறு பிள்ளையின் பேர் இருந்தால், வாங்க வருகிற பிள்ளை மூஞ்சியைச் சுளிக்கும். அறுத்த தாளையும் நாங்கள் வீணாக்குவதில்லை. எழுதாத பக்கத்தில் மார்க்கரால் 'பத்தாவது செட், கணக்கு இல்லை' என்று எழுதிச் சணல் கட்டின் மேலே செருகிவிடுவோம். தாள் போன தடமே தெரியாமல் அறுப்பதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

பாடப் புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாம். கதை, கவிதை எதுவானாலும் அறுத்தோம். எழுதியவரே கையெழுத்துப் போட்டு, 'இன்னாருக்கு அன்புடன்' என்று கொடுத்த புத்தகங்கள் எத்தனை வந்தன தெரியுமா? மேடையில் பொன்னாடையோடு வாங்கியவை, கல்யாண வீட்டில் வாங்கியவை. பாதிக்குமேல் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவை. எடைக்குப் போடுகிற பெரிய மனிதர்களுக்கு அந்த ஒரு தாளையாவது எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றாது. அந்தப் பாவத்தையும் எங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

2. ஒரு சாக்குப் புத்தகம்

நான் சேர்ந்து ஆறேழு வருஷம் இருக்கும். நாற்பது வயதுக்காரர் ஒருவர் மொபெட்டில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து வாசலில் தொப்பென்று போட்டார்.

"எங்கப்பா சேத்து வச்ச குப்ப. அவரு செத்து நாப்பது நாளாச்சு. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், அம்புட்டையும் எடுத்துக்கங்க."

"நல்ல புஸ்தகமாத் தெரியுதே. ஒருக்காப் பாத்துட்டு வேணுங்கறத எடுத்துக்கங்களேன்."

"என்னத்தப் பாக்க? ஆயுசு பூரா அச்சாபீஸ்ல குனிஞ்சு உக்காந்து, அடுத்தவன் எழுதுனதுல தப்புப் பாத்தாரு. கண்ணு போனதுதான் மிச்சம்."

மொபெட்டை விட்டு இறங்காமலே பேசிவிட்டுப் போய்விட்டார். பெற்ற தகப்பனைப் பற்றி வாய் கூசாமல் பேசுகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

சாக்கில் ஒரு நாவல் இருந்தது. முதல் தாளில் பச்சை மையில் அதை எழுதியவர் இப்படி எழுதியிருந்தார்: 'இந்தப் புத்தகத்தில் பிழை இருந்தால் பழி எனக்கு; இல்லாவிட்டால் புகழ் சவரிமுத்துவுக்கு.' கீழே கையெழுத்து.

படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாரே என்றுகூட நினைத்தேன். பிறகு அறுத்தேன். படிக்காமல் அறுத்திருந்தால் தெரியாத்தனம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். படித்துவிட்டு அறுத்தவளை என்னவென்று சொல்வது? நாவல் அந்த வாரமே விற்றுப்போனது.

3. பேரோட ஆள்

அதே வருஷம் அக்டோபர் கடைசியில் ஒரு பெண் வந்து நின்றார். சேலை முந்தானையில் தக்காளிக் கறை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை என்றார். பிறந்தது திண்டுக்கல்தான், கட்டிக்கொடுத்து இருபது வருஷமானதில் பேச்சு அந்தப் பக்கத்து இழுவைக்கு மாறியிருந்தது.

"ஏனுங்க்கா, எங்கண்ணன் அப்பாவோட புஸ்தகத்தையெல்லாம் இங்கதான் போட்டாருங்களாமா. அதுல ஒண்ணுல அப்பா பேரப் போட்டு எழுதியிருக்குமுங்க. சவரிமுத்துன்னு."

பாய் கல்லாவில் இருந்தபடியே, "அப்பிடி எதுவும் வரலையேம்மா" என்றார்.

அந்தப் பெண் நகரவில்லை. "கல்லறைத் திருநாளுக்குள்ள அப்பாவுக்குக் கல்லு வைக்கிறோமுங்க. அந்த வரியத்தான் வெட்டச் சொல்லியிருக்கறன். எனக்கு மனப்பாடந்தானுங்க. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு யாரு வந்தாலும் அதத்தான் எடுத்துக் காட்டுவாரு. ஆனாலும் ஒரு எழுத்து, ஒரு கமா மாறிப்போனாக்கூட அப்பா தாங்க மாட்டாருங்க. பாத்து எழுதிக் குடுக்கணுமுங்க."

பாய் இன்னொரு முறை வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "வந்துச்சும்மா. நாந்தான் அந்தத் தாள அறுத்தேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைக்க முடியாது. திட்டவில்லை. "எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பேரு இருந்தா விக்காதுன்னு."

"நூத்துக்கணக்கான புஸ்தகத்துக்குப் புரூஃப் பாத்தாருங்க. எழுதுனவங்க பேரு இருக்குது, அச்சாபீசு பேரு இருக்குது. அப்பா பேரு எதுலயும் கெடையாதுங்க. இது ஒண்ணுலதான் இருந்துச்சு."

ஏணியை எடுத்துப் போட்டுப் பரண் மேல் ஏறினேன். விற்காமல் கிடந்த கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, மேலே செருகிய சீட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்தப் பெண்ணும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். எத்தனை பேர்கள்! 'என் அன்புத் தங்கைக்கு', 'முதல் பரிசு பெற்ற மாணவிக்கு', 'மறக்காதே'. எல்லாவற்றின் முதுகிலும் என் கையெழுத்து: கணக்கு இல்லை, கோனார் உரை இல்லை, அட்டை இல்லை. அத்தனையும் நான் அறுத்தவை. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்குக்கார அண்ணனும் பாயும் இரண்டாவதுதான். முதலாவது நான்.

மதியம் தாண்டி ஒரு பிளஸ் டூ கட்டில் பச்சை மை கிடைத்தது. முதுகில் நான் எழுதிய 'இயற்பியல் இல்லை' மார்க்கர் ஊறி மறுபக்கம் இறங்கியிருந்தது. சவரிமுத்துவின் பேர் மேல் கறுப்பாகக் கறை.

அந்தப் பெண் தாளை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல ஒரு பள்ளிக்கூட நோட்டில் நான் எழுதினேன். எழுதியதை வாங்கி, தாளோடு வைத்து விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை சரிபார்த்தார். அப்பன் தொழில் விரலில் இருந்தது.

"அரைப்புள்ளிங்க. நான் கமான்னே நெனச்சிட்டிருந்தேன். நல்லவேளை வந்தேன்."

"புஸ்தகம் வித்துப்போச்சும்மா. என்னய மன்னிச்சிரு."

"புஸ்தகம் போனாப் போவுதுங்க. அது கடையில கெடைக்கும்." தாளை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அவர் போனதும் பிளேடைக் கொண்டுபோய்ப் பாய் முன்னால் வைத்தேன். "இனிமே நான் அறுக்க மாட்டேன்."

"அப்ப ஆளு வந்து நின்னா?"

"நிக்கட்டும் பாய். வந்து நின்னா எடுத்துக் குடுப்பேன். அதுக்குத்தான பேரு எழுதுறாக?"

பாய் முறைத்தார். பிறகு பிளேடை எடுத்துக் கல்லாவுக்குள் போட்டுவிட்டார். மறுபடி அதை வெளியே எடுக்கவே இல்லை.

4. தாள் மட்டும் கேட்டவர்

பாய்க்கு முழங்கால் முடியாமல் போனபின் கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு புதுவகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கையெழுத்துச் சேர்ப்பவர்களாம். அப்படி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்ட புத்தகமாக இருபது எடுத்து அடுக்கினார். பரவாயில்லையே, மதிக்கத் தெரிந்த மனிதர் என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "புக்கு வேணாம்மா, தூக்க முடியாது. கையெழுத்து இருக்கிற தாள மட்டும் கிழிச்சுக் குடுத்துருங்க. ஆல்பத்துல ஒட்டணும். 'இன்னாருக்கு'ன்னு எழுதியிருக்கறத வெட்டிருங்க, எழுத்தாளர் கையெழுத்து மட்டும் போதும்."

அடப்பாவி! நாங்களாவது தாளைத்தான் அறுத்தோம். இவர் தாளுக்குள்ளேயே அறுக்கச் சொல்கிறார், கையெழுத்து வாங்கிய ஆளை மட்டும். இருபதையும் அவர் முன்னாலிருந்து எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தேன்.

"ஏம்மா கோவிக்கிறீங்க? ஒரு பேர வெட்டுனா என்ன கொறஞ்சுபோகும்?"

"ஒரு ஆளு கொறஞ்சுபோவாரு சார். எந்திரிங்க."